மனுவேல் மாமாவையும் கேட்டதாகச் சொல்லவும்

குன்னூர்
10 ஜூன் 2024

அன்புத் தம்பி ஸ்டெபினுக்கு,

அக்கா ஹன்னா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவில் ஏதோ இருக்கிறோம். உன் வயிற்றுப்புண் தேவலையா? காலையில் ஏதாவது சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் வெறும் காபிதானா?

போனில் பேசினால் நாலாவது வார்த்தைக்குச் சண்டை வந்து நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு இடது காது போனது உனக்குத் தெரியும். இப்போது வலதும் போய்விட்டது. காது மெஷின் வாங்கி மாட்டினோம். உள்ளே யாரோ தகரத்தைத் தேய்க்கிறார்கள் என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். வீட்டில் சிலேட்டில் எழுதித்தான் அவரோடு பேசுகிறேன். வீடியோவில் உன் வாய் அசைவதைப் பார்த்தால் அழுகை வருகிறதாம். "அவன் என்னமோ சொல்றான், எனக்கொண்ணும் விளங்கலை. ரெண்டு வரி எழுதிப் போடச் சொல்லு" என்கிறார். கண் நன்றாகத் தெரிகிறது, வாசிக்கிறார்.

தினமும் தபால் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். தபால்காரர் மாரிச்சாமிக்குச் சங்கடம் தாங்கவில்லை, இப்போதெல்லாம் மேல்படி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். அம்மாவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை, ஸ்டெபின். இது ஒன்றுதான்.

மற்றபடி, சீசன் முடிந்து ஊர் நாறுகிறது. வந்தவர்கள் மலையைப் பார்த்துவிட்டுப் போனார்கள், அவர்கள் தின்றதும் கழித்ததும் நம் ஓடையில் கிடக்கிறது. ஆபீஸில் நாள் முழுக்கத் தேநீரை உறிஞ்சி, ருசி பார்த்து, துப்புகிற வேலை எனக்கு. வெளியே வந்தாலும் துப்பத்தான் தோன்றுகிறது. மனுவேல் மாமாவை அருவங்காடு பஸ்ஸில் பார்த்தேன். உன்னைக் கேட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா ஹன்னா


பெங்களூரு
28 ஜூலை 2024

அக்காவுக்கு,

நலம். வயிறு பரவாயில்லை. பதில் தாமதம், மன்னிக்கவும். அம்மாவின் காதைப் பற்றிப் படித்தேன்.

எழுத உட்கார்ந்தால் என்னத்தை எழுதுவது? காலையில் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறேன், ராத்திரி படுக்கிறேன். இதை எழுதி அம்மாவுக்கு என்ன ஆகப்போகிறது?

ஓடையைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அந்த ஊரின் ஓடையைவிட வாய்கள்தான் நாற்றம். அங்கே ஒருவன் புதிதாக ஒரு ஸ்குரூவை முடுக்கினால் சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும். சின்னத் தோட்டக்காரர்கள் வீட்டிலேயே இலையை உலர்த்த ஒரு மெஷின் செய்தேனே, அந்த மனிதர் வீட்டுக் கொட்டகையில்? ஒரு வருஷ உழைப்பு. கோயில் வாசலில் நாலு பேர் "உங்க மருமகன் என்னங்க, ராக்கெட்டா உடறான்?" என்று சிரித்தார்கள். அந்த வெட்கம் தாங்காமல், நான் கோயம்புத்தூர் போயிருந்த நேரம் பார்த்து, எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார். பெற்ற தாயின் கூடப்பிறந்தவர்!

இங்கே என் மேல்மாடியில் யார் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, அவனுக்கும் என்னைத் தெரியாது. அதுதான் நிம்மதி. ஆனால் டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவன், நான் ஒரு வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்ளும் காரியத்தை ஏற்கெனவே செய்து பார்த்தவனாக இருப்பான். ஊர் பெருகப் பெருக மனுஷன் மூளையும் கூடுதலாக வேலை செய்கிறது, அக்கா. சின்ன ஊரில் அது மற்றவன் வீட்டுச் சட்டியை எட்டிப் பார்ப்பதிலேயே தேய்ந்து போகிறது.

அந்த மனிதர் பெயரை இனிமேல் கடிதத்தில் எழுதாதே.

ஸ்டெபின்


குன்னூர்
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஸ்டெபின்,

இங்கே எல்லோரும் சுகம். மழை விடவில்லை, துணி காயவில்லை, சுவரெல்லாம் பூசணம். நீ சுகமென்று எழுதியதை நம்புகிறேன்.

ஊர் வாய் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. எனக்குக் கல்யாணம் ஆகாதது இந்த ஊரில் பொதுச்சொத்து. ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்து வீட்டு இந்துமதி அக்கா நான் என்ன மீன் வாங்குகிறேன் என்று பைக்குள் கைவிட்டே பார்ப்பார். சில நாள் அந்தக் கையைத் தட்டிவிடலாம் போல எரிச்சலாக இருக்கும். ஆனால் போன மாதம் நான் ஆபீஸில் இருந்தபோது அம்மா பின்கட்டில் வழுக்கி விழுந்தார். பிற்பகலாகியும் ஜன்னல் திறக்கவில்லையே என்று பார்த்து ஓடிவந்து தூக்கியது அதே இந்துமதி அக்காதான். உன் மேல்மாடிக்காரன் வருவானா?

நீ எனக்குக் கட்டுரை எழுத வேண்டாம். அம்மாவுக்கு நாலு வரி எழுது. இட்லி தின்றேன் என்று எழுது, போதும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.
ஹன்னா


பெங்களூரு
3 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ சொன்னது சரி. அம்மாவுக்கு எழுதாதது தப்பு. இனி வாரம் தவறாமல் கடிதம் வரும்.

நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறோம். ஒருவன் ஒடிசாக்காரன், ஒருத்தி மங்களூர், ஒருவன் மதுரை. இந்த ஊர் இல்லையென்றால் நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தே இருக்க மாட்டோம். எங்களைப் போல ஊரைவிட்டு வந்த லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவுகிற ஒன்றைச் செய்கிறோம். விவரம் இப்போது சொல்லக் கூடாது.

ஒரு உதவி. அம்மாவைப் பற்றி எல்லாவற்றையும் எழுது. என்ன மாத்திரை, எங்கே வலி, யார் யார் வந்து போகிறார்கள், எந்தக் கிழமை கோயிலுக்குப் போகிறார், கொல்லையில் என்ன காய்க்கிறது, சொந்தக்காரர்கள் பெயர் எல்லாம். எவ்வளவு சின்ன விஷயமானாலும் விடாதே. அம்மா பதில் போட வசதியாக ஆபீஸ் முகவரி கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
ஸ்டெபின்


குன்னூர்
10 செப்டம்பர் 2024

என் தங்கத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இன்றைக்கு எனக்குக் கூடுதல் சுகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் கழிவறையில் போய் அழுதேன். ருசி பார்க்கிறவள் அழுதால் மூக்கடைத்து வேலை கெட்டுவிடும், ஆனாலும் அழுதேன். கேட்டதெல்லாம் தனித்தாளில் பத்துப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். அம்மாவின் முழங்கால், பிரஷர் மாத்திரை, சௌசௌ கொடி, செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் ஜெபம், ஒன்றும் விடவில்லை. சொந்தக்காரர் வரிசையில் நீ எழுதாதே என்ற பெயரையும் எழுதியிருக்கிறேன். சொந்தம் என்றால் அவரை விட்டுவிட்டு எப்படி எழுதுவது? நீ அதைத் தாண்டிப் படித்துக்கொள்.

ஆண்டவர் உன்னை நல்லபடி வைத்திருக்கட்டும்.
அக்கா


பெங்களூரு
3 அக்டோபர் 2024

என் உயிரினும் மேலான அம்மா பியாட்ரிஸ் அவர்களுக்கு,

உங்கள் அன்பு மகன் ஸ்டெபின் பணிவுடன் எழுதிக்கொள்வது. உங்கள் ஜெபத்தால் நான் இங்கே நலமாக இருக்கிறேன். உங்கள் நலமும் ஹன்னா அக்காவின் நலமும் அறிய என் மனம் ஏங்குகிறது.

குன்னூரில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருக்குமே, உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? படுக்கும் முன் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் மறவாமல் போட்டுக்கொள்ளுங்கள். சௌசௌ கொடி இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறதா? செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போகும்போது ஈரப் படிகளில் கவனமாக இறங்குங்கள். நேற்று மாலை ஜன்னல் அருகே நின்றபோது உங்கள் கையால் உண்ட ஒவ்வொரு கவளமும் என் நினைவுக்கு வந்தது. இந்தப் பெரிய நகரத்தில் ஆயிரம் முகங்கள் இருந்தும் உங்கள் முகத்தைத்தான் தேடுகிறேன்.

இந்துமதி அக்காவுக்கு என் நன்றி. மனுவேல் மாமாவையும் கேட்டதாகச் சொல்லவும். அவர் என்மீது வைத்த பாசத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

என்றும் உங்கள் மடியில் தவழும்,
ஸ்டெபின்


குன்னூர்
4 நவம்பர் 2024

அன்புள்ள ஸ்டெபின்,

நாங்கள் நலம். நீ நலமென்று அம்மாவுக்கு வரும் கடிதத்தில் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத்தான் ஒரு வரியும் வருவதில்லை.

அம்மா வேறு ஆளாகிவிட்டார். வாரம் தவறாமல் கடிதம் வருகிறது. மாரிச்சாமி இப்போது தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வருகிறார். அம்மா அதைத் தெருவுக்கே வாசித்துக் காட்டுகிறார். தனக்கே கேட்காததால் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியவில்லை, மேட்டுத் தெருவரை கேட்கிறதாம்.

கேட்டதாக எழுதியிருந்தாயே, அது மனுவேல் மாமா காதுக்கும் போய்விட்டது. நீ கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து ஆறு வருஷமாக நம் வீட்டுப் படியேறாதவர், மறுநாளே வந்து நின்றார். அவரும் உனக்கு எழுதினாராம், நீயும் பதில் போட்டாயாம். அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். "அம்மிணி, அவன் என்னை மன்னிச்சுட்டான்னு எழுதியிருக்கான் பாரு" என்று என்னிடம் எடுத்துக் காட்டினார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று தொண்டையில் நிற்கிறது. நீ எப்போது மன்னித்தாய்? யார்மீதும் ஒரு சிடுசிடுப்பு இல்லாமல் நீ ஒரு பக்கம் எழுதி நான் பார்த்ததே இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு பாசம், ஒரே அளவு விசாரிப்பு. எந்தத் தோட்டத்து இலை என்று சொல்ல முடியாதபடி கலந்து விற்கும் பாக்கெட் தூள் மாதிரி இருக்கிறது. எனக்கு நீயே ஒரு வரி போடு, திட்டியாவது போடு.

ஹன்னா


குன்னூர்
2 டிசம்பர் 2024

ஸ்டெபின்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

மனுவேல் மாமா போன வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பெங்களூருக்கு பஸ் ஏறினார். பையில் உனக்குத் தின்ன வர்க்கி, அதோடு ஒரு மோட்டார். உன் உலர்த்தும் மெஷினின் மோட்டார். மற்றதையெல்லாம் இரும்புக்காரனுக்குப் போட்டவர், அதை மட்டும் கொடுக்க மனம் வராமல் ஆறு வருஷமாகத் துணியில் சுற்றி வைத்திருந்தாராம். உன்னிடம் நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்கப் போனார்.

உன் ஆபீஸ் வாசலில் காவலாளி பையைக் கொட்டச் சொல்லி, மோட்டாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டானாம். அன்றைக்கு உங்கள் கம்பெனியில் ஏதோ விழாவாம்; அப்புறம் யாரோ ஒரு பெண், அதற்கு வந்த பெற்றோர் என்று நினைத்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறாள். எதிர்ச்சுவர் முழுக்க அம்மாவின் கையெழுத்து. "என் கண்ணு ஸ்டெபினு, உன் லெட்டர் வந்தப்புறந்தான் எனக்கு உசுரு வந்துச்சு" என்று அம்மா எழுதியதை ஆள் உயரத்துக்குப் போட்டிருந்தீர்களாம். சமோசா தின்றுகொண்டே எல்லோரும் கை தட்டினார்களாம். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் தங்கச்சியின் எழுத்து தெரியாதா?

நீ மேடையிலிருந்து இறங்கி வந்து "உங்களை யாருங்க இங்க வரச் சொன்னது?" என்றாய். அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டி, "நீதானப்பா எழுதியிருக்கே" என்றார். "அதை நான் எழுதலை. மெஷின் எழுதுனது" என்று சொல்லிவிட்டு, விழாவுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று திரும்பிப் போய்விட்டாய். அவர் அன்றைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினார்.

இதையெல்லாம் என்னிடம் மட்டும்தான் சொன்னார். அம்மாவின் சிலேட்டில், "பையன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான், பஸ் ஏத்தியும் உட்டான்" என்று எழுதினார். அம்மா அந்தச் சிலேட்டை அழிக்கவே விடவில்லை.

நான் உன் கடிதங்கள் இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். "என் உயிரினும் மேலான அம்மா" என்ற வரி இரண்டிலும் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்தியது. சீ! எனக்குக் குமட்டியது, ஸ்டெபின். அம்மாவின் முழங்கால் வலியையும் மாத்திரையையும் நான் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தேனே, அது உங்களுக்குத் தீனியா? ஒரு கோடிப் பேர் இருக்கிற ஊரில் இத்தனை மூளைகள் முட்டி மோதிக் கடைசியில் கண்டுபிடித்தது, பெற்றவளை நலம் கேட்க ஒரு மெஷினா? இந்த ஊரில் உன் மெஷினைப் பார்த்துச் சிரித்தார்கள், கேவலம்தான். இதற்குக் கை தட்டினார்களே, அது என்ன?

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஒரு முடிவு சொல்.

ஹன்னா


பெங்களூரு
20 டிசம்பர் 2024

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மா எப்படி இருக்கிறார்?

நீ எழுதியது அத்தனையும் உண்மை. முதலில் உன்மீது கோபம்தான் வந்தது. நான் எழுதாமல் இருந்தபோது அம்மா வாசலில் நின்று வாடினார், மெஷின் எழுதியபோது சிரித்தார், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று உனக்குப் பதில் எழுதினேன். அதை அனுப்பவில்லை.

ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கடிதங்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. நீ கொடுத்த பத்துப் பக்கத்தையும் காலேஜ் நோட்டில் இருந்த என் கையெழுத்தையும் மெஷினுக்குள் போட்டோம், அது பேனாவைப் பிடித்து எழுதியது, ஆபீஸில் யாரோ தபாலில் போட்டார்கள். அம்மா போட்ட பதில்களையும் அதற்குள்ளேயே போட்டார்கள். மாமாவுக்கு அது எழுதியதே அவர் கடிதத்தை நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும். பட்டியலில் பெயர் இருந்தால் அவர்மேல் பாசம் என்று அது எடுத்துக்கொள்கிறது. எனக்கு அவரைப் பிடிக்காது என்று அதனிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அவரை அங்கே பார்த்ததும் எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்மேல் என்றுதான் முதலில் நினைத்தேன். காவலாளியிடமிருந்து மோட்டாரை வாங்கி வந்து மேஜையில் வைத்து ஒயரைக் கொடுத்தேன். அது இன்னும் ஓடுகிறது. அருவருப்பு அவர்மேல் இல்லை.

கம்பெனியிலிருந்து விலகிவிட்டேன். அம்மாவின் எழுத்தைச் சுவரிலிருந்து எடுக்க வைத்தேன். அம்மா பெயரில் உள்ளே இருந்த கடிதம், பதில் எல்லாவற்றையும் என் கண்ணெதிரே அழிக்கச் சொன்னேன். மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். இதோடு அம்மாவுக்கு நானே எழுதிய கடிதம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வர எனக்கு முகமில்லை, பொங்கல் கழித்து வருகிறேன்.

தம்பி ஸ்டெபின்


குன்னூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள ஸ்டெபின்,

அம்மாவுக்கு உடம்பு சுகம்தான், நடமாடுகிறார். மாமா உன் கடிதம் வந்ததாகச் சொன்னார், என்ன எழுதியிருந்தது என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கோயிலில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

நீ கையால் எழுதியதைக் கிறிஸ்துமஸ் அன்றைக்கே அம்மாவிடம் கொடுத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. "அம்மா, எனக்கு எழுத வராது. வயிறு சரியில்லை. இட்லி மட்டும் சாப்பிடுறேன். இங்க குளிர் இல்லை. சீக்கிரம் வரேன்" என்று அடித்துத் திருத்தி, கோணலும் மாணலுமாக இருந்தது. நம் வீட்டு ஸ்டெபின் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.

அம்மா இருமுறை படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டி, "இதை அவன் எழுதலை" என்றார். நான் சிலேட்டில், அவன் கையால் எழுதியதுதான் என்று எழுதினேன். தலையை ஆட்டினார். "எம் பையன் என் முழங்காலைக் கேப்பான். கொடியைக் கேப்பான். மனுவேலுவைக் கேப்பான். இதுல ஒண்ணையுமே கேக்கலை. அவனுக்கு வேலை ஜாஸ்தி, வேற யாரையோ உட்டு எழுதச் சொல்லியிருக்கான். பாவம்" என்றார்.

அதற்கப்புறம் கடிதம் வரவில்லை அல்லவா? மறுபடியும் வாசலில் நிற்கிறார். மாரிச்சாமி மறுபடியும் மேல்படி வழியாகச் சுற்றிப் போகிறார். நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் என்மேல கோவமா இருக்கானா?" என்று கேட்டார். நான் இல்லை என்று எழுதினேன். நம்பவில்லை.

இதை எழுத எனக்குக் கூசுகிறது. என் மேலேயே குமட்டுகிறது. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மாவுக்கு அந்த மற்றவனையே எழுதச் சொல்.

ஹன்னா


பெங்களூரு
20 ஜனவரி 2025

அக்காவுக்கு,

நான் சுகம். பொங்கல் கழித்து வருகிறேன் என்றேன், இன்னும் முகமில்லை. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்த அன்றே பழைய ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். அழித்தது அழித்ததுதான், திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். புதிதாக ஒன்று தொடங்கித் தருகிறோம் என்றார்கள். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

வந்ததிலிருந்து உட்கார்ந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். முழங்காலைக் கேட்கிறேன், கொடியைக் கேட்கிறேன், அதற்கு மேல் எனக்கு வரவில்லை. படித்துப் பார்த்தால் எனக்கே யாரோ எழுதியது போல இருக்கிறது.

ஒரு உதவி செய். அம்மா தூங்கும்போது அந்தக் கடிதங்களில் ஒன்றை எடுத்துப் போட்டோ பிடித்து அனுப்பு. ஸ்டெபின் எப்படி எழுதுவான் என்று பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி